அரசு செலவிடும் பணத்தின் பயன் யாருக்குப் போய்ச் சேருகிறது?

ஒன்றிய அரசின் நிதிநிலை அறிக்கையும் அதையொட்டி மாநில அரசின் நிதிநிலை அறிக்கையும் தாக்கலாகும் காலத்தில் ஒரு வாதம் ஆண்டு தவறாமல் எழுகிறது. உழைத்துச் சம்பாதிப்போரின் வரிப்பணம் இலவசங்களில் கரைகிறது என்பது ஒரு தரப்பு. ஏழைக்குக் கொடுப்பதைக் கணக்குப் பார்ப்பவர்கள் பெருநிறுவனங்களுக்குக் கொடுப்பதை ஏன் கணக்குப் பார்ப்பதில்லை என்பது மறுதரப்பு. 2006 தேர்தலில் வாக்குறுதியளிக்கப்பட்ட வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி தொடர்பான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தேர்தல் அறிக்கையில் இத்தகைய வாக்குறுதிகளைத் தருவது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று 2013 ஜூலையில் தீர்ப்பு வந்த பிறகும், அந்த வாதம் ஓயவில்லை. இந்தப் பேச்சில் 'இலவசம்', 'வளர்ச்சி' என்ற இரண்டு பெட்டிகளுக்குள் எல்லாச் செலவுகளையும் அடைத்துவிடுகிறோம். ஒரு செலவின் பயன் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதைக் கண்டறியும் வழி என்ன என்ற கேள்வி மட்டும் கேட்கப்படாமலேயே நின்றுவிடுகிறது. பொருளாதாரம் படிக்காத ஒருவரும் அந்த வழியைக் கற்றுக்கொள்ள முடியும்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: பணம் யார் கைக்குப் போகிறது என்பதும் பயன் யாருக்குப் போகிறது என்பதும் வெவ்வேறு கேள்விகள். உர மானியத்தை எடுத்துக்கொள்வோம். 45 கிலோ யூரியா மூட்டையின் விலையை, வரிகள் நீங்கலாக, 242 ரூபாய் என்ற அளவில் அரசு நிறுத்தி வைத்திருக்கிறது. அதை உற்பத்தி செய்யவோ இறக்குமதி செய்யவோ ஆகும் செலவு அதைப்போல் பல மடங்கு. இடையிலுள்ள தொகையை அரசு உர நிறுவனத்துக்குச் செலுத்துகிறது. பணத்தைப் பெறுவது நிறுவனம். மலிவான மூட்டையைப் பெறுவது விவசாயி. நெல்லின் சாகுபடிச் செலவு குறைவதால் ஓரளவு பயன் பெறுவது அரிசி வாங்கும் குடும்பம். இவர்கள் மூவரில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது நிலத்தின் அளவு, நெல்லின் கொள்முதல் விலை, நிறுவனத்தின் உற்பத்தித் திறன் ஆகியவற்றைப் பொறுத்து மாறும். பத்து ஏக்கர் வைத்திருப்பவர் ஒரு ஏக்கர் வைத்திருப்பவரைவிடப் பத்து மடங்கு மூட்டைகளை வாங்குவார். மானியமும் அந்த அளவுக்கே அவருக்குக் கூடுதலாகப் போகும். நிலமில்லாத விவசாயக் கூலிக்கு இதில் நேரடிப் பங்கு எதுவும் இல்லை.

பள்ளி ஆசிரியரின் ஊதியத்துக்கும் இதே முறையைப் பொருத்திப் பார்க்கலாம். மாநில அரசுகளின் வருவாய்ச் செலவில் ஊதியமும் ஓய்வூதியமும் மிகப் பெரிய பகுதி என்பதால், அரசுப் பணமெல்லாம் அரசு ஊழியர்களுக்கே போகிறது என்று பலரும் குறைகூறுவதுண்டு. பணம் ஆசிரியரின் வங்கிக் கணக்குக்குத்தான் போகிறது. ஆனால், அவர் நாள்தோறும் வகுப்புக்கு வந்து பாடம் நடத்தினால் அந்தச் செலவின் பயனாளி மாணவர். வராவிட்டால் பயனாளி ஆசிரியர் மட்டுமே. நிதிநிலை அறிக்கையில் இரண்டுக்கும் ஒரே எண்தான் அச்சாகியிருக்கும். செலவுக் கணக்கைப் படித்துமட்டும் பயனைக் கண்டறிய முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஒரு ரூபாய் எங்கே போகிறது

2025-26-ஆம் ஆண்டு ஒன்றிய அரசின் மொத்தச் செலவு மதிப்பீடு ஏறத்தாழ 50.65 லட்சம் கோடி ரூபாய். மாநிலங்களுக்குத் தரவேண்டிய வரிப்பங்கையும் சேர்த்து, ஒரு ரூபாய் எப்படிப் பிரிகிறது என்பதை நிதி அமைச்சகம் ஆண்டுதோறும் விளக்கப்படமாக வெளியிடுகிறது. அந்த ஆண்டின் கணக்குப்படி 22 காசு மாநிலங்களின் வரிப்பங்கு, 20 காசு வட்டி, 16 காசு ஒன்றியத்தின் நேரடித் திட்டங்கள், 8 காசு பாதுகாப்புத் துறை, 6 காசு முக்கிய மானியங்கள், 4 காசு ஓய்வூதியம். எஞ்சிய 24 காசு ஒன்றியமும் மாநிலங்களும் சேர்ந்து நடத்தும் திட்டங்களுக்கும் நிதிக்குழு மானியங்களுக்கும் பிற செலவுகளுக்கும் உரியது.

மானியத்தைப் பற்றி நாம் விவாதிக்கும் அளவுக்கு வட்டியைப் பற்றி விவாதிப்பதில்லை. அதுவோ மானியத்தைப்போல மூன்று மடங்குக்கும் மேல். வட்டியைப் பெறுவது யார்? அரசின் கடன் பத்திரங்களை வாங்கி வைத்திருக்கும் வங்கிகள், ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள், வருங்கால வைப்பு நிதிகள், ரிசர்வ் வங்கி ஆகியவை. இவற்றின் வழியாக அந்தத் தொகையின் ஒரு பகுதி, சேமிக்க முடிந்த குடும்பங்களுக்குப் போய்ச் சேருகிறது. வட்டி என்பது வாங்கிய கடனுக்கான கடமை. அதை நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. எனினும், அரசு செலவால் யாருக்குப் பயன் என்ற கேள்வியை மானியத்தோடு நிறுத்திக்கொள்வது சரியில்லை என்பதை இந்த ஓர் எண் உணர்த்திவிடும்.

சாலை, துறைமுகம், மின்நிலையம் போன்ற மூலதனச் செலவுக்கு அந்த ஆண்டு ஒதுக்கப்பட்டது 11.21 லட்சம் கோடி ரூபாய். இவ்வகைச் செலவை 'வளர்ச்சி' என்ற சொல்லோடு சேர்த்தே பேசுவது வழக்கமாதலால், இதில் யாருக்கு லாபம் என்று எவரும் கேட்பதில்லை. நான்குவழிச் சாலை ஒன்று வந்தால் சரக்கு வேகமாகப் போகும், ஆம்புலன்ஸ் விரைந்து வரும், கட்டுமானக் காலத்தில் கூலி வேலை கிடைக்கும். அதே சாலை, சந்திப்புக்கு அருகில் முன்கூட்டியே நிலம் வாங்கி வைத்திருந்தவருக்கு எந்த உழைப்பும் இன்றிப் பெருஞ்செல்வத்தையும், நிலம் எடுக்கப்பட்ட சிறுவிவசாயிக்கு இழப்பீட்டுத் தொகையை மட்டும் கொண்டுவந்து தரலாம். சாலை வேண்டாம் என்பது என் கருத்தன்று. அரிசிக்குக் கேட்கும் கேள்வியைச் சாலைக்கும் கேட்க வேண்டும்.

மின்சாரம்: எல்லோருக்கும் சமமாகக் கொடுத்தால் சமமாகப் போய்ச் சேருமா?

2016 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் வீட்டு மின் இணைப்புகளுக்கு இரண்டு மாதங்களுக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசமாக வழங்கப்படுகிறது. பார்வைக்கு இது முழுமையான சமத்துவம். ஒரு விளக்கும் ஒரு மின்விசிறியும் மட்டுமே உள்ள வீட்டில் இரண்டு மாதங்களுக்கு 60 யூனிட்தான் செலவாகிறது என்றால், அந்த வீட்டுக்குக் கிடைப்பது 60 யூனிட் இலவசம். குளிர்சாதனம் ஓடும் வீட்டுக்கு 100 யூனிட்டும் முழுமையாகக் கிடைக்கிறது. ஒருவரே இரண்டு மூன்று இணைப்புகள் வைத்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் 100 யூனிட் கிடைக்கும். பயன்பாடு கூடக்கூட யூனிட் விலையும் ஏறும் படிநிலைக் கட்டண முறை இருப்பதால், அதிகம் பயன்படுத்துவோரிடமிருந்து ஒரு பகுதி திரும்பி வருகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வாடகை வீட்டின் நிலை வேறு. ஒரே இணைப்பின் கீழ் பல குடித்தனங்களை வைத்து, உள் மீட்டர் பொருத்தி, யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டு உரிமையாளரே வசூலிக்கும் வழக்கம் நகரங்களில் பரவலாக உள்ளது. அங்கே மின்வாரியக் கணக்கில் இலவசம் போய்ச் சேர்ந்தது உண்மை. குடியிருப்பவருக்கு அது வந்து சேரவில்லை. சலுகையைப் பெறுபவர் அட்டையில் ஒருவர், அனுபவிப்பவர் வேறொருவர். சட்டம் யாரைக் குறித்துச் சலுகையைத் தருகிறதோ அவரிடமிருந்து சந்தை அதை மெல்லப் பிடுங்கி, பேரம்பேசும் வலிமை மிகுந்தவரிடம் கொண்டு சேர்த்துவிடும் என்பதே பொருளாதாரத்தின் இந்தப் பகுதியில் அடிப்படைப் பாடம்.

இந்திய அளவிலும் இதே தோற்றம்தான். அப்போதைய தலைமைப் பொருளாதார ஆலோசகர் அரவிந்த் சுப்பிரமணியனின் தலைமையில் வெளியான 2014-15 பொருளாதார ஆய்வறிக்கை, நாட்டின் மேல்தட்டு 20 விழுக்காட்டுக் குடும்பங்கள் மாதம் சராசரியாக 121 யூனிட்டும், அடித்தட்டு 20 விழுக்காட்டுக் குடும்பங்கள் 45 யூனிட்டும் பயன்படுத்துவதாகக் காட்டியது. சமையல் எரிவாயுவில், கீழ்ப்பாதிக் குடும்பங்களின் பங்கு அப்போது 25 விழுக்காடுதான். ஒரு பொருளின் விலையைக் குறைத்து உதவி செய்தால், அந்தப் பொருளை யார் அதிகம் வாங்குகிறாரோ அவருக்கே உதவி அதிகமாகப் போகும். மண்ணெண்ணெயையும் அரிசியையும் ஏழைகளும் வாங்குவார்கள். மின்சாரத்தையும் எரிவாயுவையும் வாங்கும் அளவு வருமானத்தோடு சேர்ந்து ஏறும். எனவே விலை மானியம் என்ற ஒரே பெயரில் இருந்தாலும் இவை ஒரே இயல்புடையவை அல்ல. அடுத்த ஆண்டின் ஆய்வறிக்கை, தங்கம், விமான எரிபொருள், ரயில் பயணம், சிறுசேமிப்பு, மின்சாரம் முதலியவற்றின் வழியாக வசதியானவர்களுக்குப் போகும் சலுகை ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது.

விவசாயத்துக்கான இலவச மின்சாரம் இன்னும் சிக்கலானது. 1970-களில் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவை வட்டாரத்தில் தொடங்கிய மின்கட்டண எதிர்ப்புப் போராட்டங்களில் விவசாயிகள் உயிரையும் கொடுத்திருக்கிறார்கள். 1980-களின் நடுவில் சிறுவிவசாயிகளுக்கும், 1989-க்குப் பிறகு எல்லா விவசாயிகளுக்கும் கட்டணம் நீக்கப்பட்டது. மாநிலத்தில் இன்று 20 லட்சத்துக்கும் அதிகமான விவசாய மின் இணைப்புகள் உள்ளன. விளைபொருளுக்குக் கட்டுப்படியான விலை கிடைக்காத நாட்டில் இந்த உதவி இல்லாவிட்டால் பல குடும்பங்கள் நிலத்தைவிட்டு வெளியேறியிருக்கும் என்பதை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால், ராமநாதபுரத்தில் மழையை மட்டுமே நம்பி மானாவாரிப் பயிர் செய்யும் விவசாயிக்கு இந்தச் செலவில் ஒரு காசும் போவதில்லை. கிணறும் மோட்டாரும் உள்ளவர்களுக்குள்ளும், ஆழமான ஆழ்துளைக் கிணற்றில் பெரிய மோட்டார் வைத்திருப்பவரே அதிக மின்சாரத்தை எடுக்கிறார். அவர் ஆயிரம் அடியில் இறங்கும்போது பக்கத்துத் தோட்டத்துத் திறந்தவெளிக் கிணறு வற்றுகிறது. ஆகவே இங்கே ஒருவருக்குக் கிடைக்கும் பயன் மற்றொருவரின் இழப்பாகவும் மாறக்கூடும். பெரும்பாலான இணைப்புகளுக்கு மீட்டர் இல்லாததால், யார் எவ்வளவு பெற்றார் என்பதை அளக்கவும் வழியில்லை. மீட்டர் என்ற சொல்லையே விவசாயிகள் கட்டணத்தின் முன்னோட்டமாகப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. அந்த அச்சத்தைப் போக்காமல் அளவீட்டைக் கொண்டுவர எந்த அரசாலும் முடியாது.

அனைவருக்குமா, தகுதியுள்ளவருக்கு மட்டுமா?

மேற்கண்டவற்றைப் படித்தவருக்கு உடனே தோன்றும் தீர்வு, ஏழைகளை மட்டும் அடையாளம் கண்டு அவர்களுக்குக் கொடுத்தால் போதுமே என்பதாகும். கேட்பதற்கு எளிமையான இந்தத் தீர்வு நடைமுறையில் மிகக் கடினமானது என்பதை ரேஷன் வரலாறு காட்டுகிறது.

1997-இல் ஒன்றிய அரசு பொது விநியோகத் திட்டத்தை வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள், மேலே உள்ளவர்கள் என்று பிரித்தது. தமிழ்நாடு அந்தப் பிரிவினையை ஏற்காமல் எல்லாக் குடும்பங்களுக்கும் அட்டை என்ற முறையைத் தொடர்ந்தது. பட்டியல் போட்டுப் பிரிக்கும்போது இரண்டு வகைப் பிழைகள் நேரும். தகுதியில்லாதவர் உள்ளே வந்துவிடுவது ஒன்று. தகுதியுள்ளவர் வெளியே நின்றுவிடுவது மற்றொன்று. முதல் பிழையில் அரசுக்குப் பணம் நட்டம். இரண்டாவது பிழையில் ஒரு குடும்பம் பட்டினி கிடக்கிறது. இரண்டும் ஒரே எடையுள்ள பிழைகள் என்று நினைப்பதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால், நமது பொதுவிவாதத்தில் காரில் வந்து ரேஷன் வாங்குபவரின் படம்தான் மீண்டும் மீண்டும் பேசப்படுகிறது. பெயர் விடுபட்டதால் கடை வாசலுக்கே வராதவரின் படம் யாரிடமும் இருப்பதில்லை.

பெரும்பாலோர் கட்டடத் தொழில், வீட்டுவேலை, சிறுகடை, விவசாயக்கூலி என்று வருமானச் சான்று எதுவும் இல்லாமல் உழைக்கும் நாட்டில், ஒரு குடும்பத்தின் வருமானத்தை அரசு நேரடியாக அறிய முடியாது. எனவே காரை வீடு இருக்கிறதா, இருசக்கர வாகனம் இருக்கிறதா, எவ்வளவு நிலம் இருக்கிறது என்பன போன்ற அடையாளங்களை வைத்து ஊகிக்கிறது. அந்த ஊகத்தை அலுவலர் ஒருவர் உறுதிசெய்ய வேண்டியிருப்பதால், செல்வாக்குக்கும் கையூட்டுக்கும் அங்கே இடம் பிறக்கிறது. ஏழைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கப்படும் சேவைகள் தரத்திலும் ஏழ்மைப்பட்டுவிடும் என்று அமர்த்திய சென் எச்சரித்திருக்கிறார். குரல் எழுப்பக்கூடியவர்கள் வரிசையில் நிற்காத கடையில், எடை குறைந்தாலும் அரிசி நாறினாலும் கேட்பாரில்லை.

தமிழ்நாட்டு முறையில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. எல்லோருக்கும் அட்டை உண்டு. அரிசி வேண்டாம் என்பவர் சர்க்கரை அட்டையைத் தேர்ந்தெடுக்கலாம். எந்தப் பொருளும் வேண்டாதவர் முகவரிச் சான்றாக மட்டும் பயன்படும் அட்டையைப் பெறலாம். 2011 முதல் அரிசி இலவசமாக வழங்கப்படும் நிலையிலும், ரேஷன் அரிசியை உண்ண விரும்பாத வசதியான குடும்பங்களில் பல தாமாகவே விலகி நிற்கின்றன. அலுவலர் பிரிக்கவில்லை, பொருளே பிரித்துவிடுகிறது. இம்முறையிலும் அரிசி வாங்கிக் கள்ளச்சந்தைக்கு விற்போர் உண்டு, அட்டையை வைத்துப் பிறர் பெயரில் பொருள் எடுப்போர் உண்டு. இருந்தாலும், பசித்தவர் பெயர் விடுபடுவதற்கான வாய்ப்பு இதில்தான் மிகக் குறைவு.

இதே மாநிலம் மகளிர் உரிமைத் தொகையில் எதிர்வழியைத் தேர்ந்தது. 2023 செப்டம்பர் 15-ஆம் நாள் காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்ட இத்திட்டத்தில், குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும், நன்செய் ஐந்து ஏக்கர் அல்லது புன்செய் பத்து ஏக்கருக்கு மேல் நிலம் இருக்கக் கூடாது, ஆண்டு மின் பயன்பாடு 3,600 யூனிட்டைத் தாண்டக் கூடாது என்பன போன்ற நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. ஏறத்தாழ 1.63 கோடிப் பேர் விண்ணப்பித்ததில் 1.06 கோடிப் பேர் தேர்வாயினர்; பின்னர் மேல்முறையீடுகள் வழியாக எண்ணிக்கை கூடியது. காரணம் எளிதில் கணக்கிடக்கூடியதே. மாநிலத்தில் சுமார் 2.2 கோடி குடும்ப அட்டைகள் உள்ளன. அவை அனைத்துக்கும் மாதம் 1,000 ரூபாய் கொடுத்தால் ஆண்டுக்கு 26,000 கோடி ரூபாயைத் தாண்டும், 1.06 கோடிப் பேருக்குக் கொடுத்தால் 13,000 கோடிக்குள் அடங்கும். ரொக்கத்தை வேண்டாம் என்று தாமாக விலகுபவர் மிகக் குறைவு என்பதால், அரிசிக்குப் பொருந்திய முறை பணத்துக்குப் பொருந்தாது. அனைவருக்குமா, சிலருக்கா என்பதற்கு எல்லாத் திட்டங்களுக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை என்று நான் கருதுவதன் அடிப்படை இதுதான்: கொடுக்கப்படும் பொருளின் தன்மையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

மகளிருக்கான கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்தில் வேறொரு வகை விடுபடல் இருந்தது. 2021 மே மாதம் தொடங்கப்பட்ட இத்திட்டத்துக்கு வருமான வரம்பே கிடையாது. சாதாரண நகரப் பேருந்தில் ஏறும் எந்தப் பெண்ணும் கட்டணமின்றிச் செல்லலாம். ஆனால் நகரப் பேருந்தே ஓடாத மலைப்பகுதிப் பெண்களுக்கு அது தொடக்கத்தில் கிடைக்கவில்லை; 2024-இல்தான் நீலகிரி போன்ற இடங்களுக்கு விரிவாக்கப்பட்டது. காகிதத்தில் அனைவருக்கும் என்று எழுதப்பட்டிருந்தாலும், சேவை எட்டாத ஊரில் இருப்பவர் அந்த 'அனைவரில்' சேரமாட்டார்.

கொடுக்காமல் கொடுப்பது

அரசு ஒருவருக்கு உதவ இரண்டு வழிகள் உள்ளன. பணத்தைக் கொடுக்கலாம், அல்லது அவர் கட்ட வேண்டிய வரியை வாங்காமல் விடலாம். முதலாவது செலவுப் பட்டியலில் அச்சாகும், இரண்டாவது அச்சாகாது. கருவூலத்தைப் பொறுத்தவரை இரண்டுக்கும் வேறுபாடு எதுவும் இல்லை. இதனால்தான் 2006 முதல் ஒன்றிய நிதிநிலை ஆவணங்களோடு, வரிச்சலுகைகளால் கைவிடப்படும் வருவாயைக் காட்டும் அறிக்கை ஒன்றும் இணைக்கப்படுகிறது. அதைப் படிப்பவர்கள் மிகச் சிலரே.

2019 செப்டம்பரில், பிற சலுகைகளைக் கைவிடும் நிறுவனங்களுக்கு வரி விகிதம் 22 விழுக்காடாகவும், புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கு 15 விழுக்காடாகவும் குறைக்கப்பட்டது. இதனால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று அரசே அறிவித்தது. 2025-26-இல் நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு ஒதுக்கப்பட்டது 86,000 கோடி ரூபாய் என்பதை இதனருகே வைத்துப் பார்த்தால், இரண்டின் அளவும் புரியும். நிறுவன வரி குறைந்தால் முதலீடு பெருகும், வேலை பெருகும் என்ற வாதத்தைச் சோதித்துப் பார்க்காமல் தள்ளிவிடக் கூடாது. அதே கண்டிப்போடு, சத்துணவு உண்ட குழந்தை படித்து முன்னேறும் என்ற வாதத்தையும் சோதித்துப் பார்த்து ஏற்க வேண்டும். ஒன்றுக்கு 'ஊக்கத்தொகை' என்றும் மற்றொன்றுக்கு 'இலவசம்' என்றும் பெயர் வைத்த உடனேயே பாதி விவாதம் முடிந்துவிடுகிறது என்பது எனக்கு வருத்தம் தரும் செய்தி.

நடுத்தர வர்க்கமும் இந்தக் கணக்குக்கு வெளியே இல்லை. 2025-26 நிதிநிலை அறிக்கையில் ஆண்டு வருமானம் 12 லட்சம் ரூபாய் வரை வருமான வரி இல்லை என்று அறிவிக்கப்பட்டபோது, அதனால் சுமார் ஒரு லட்சம் கோடி ரூபாய் நேரடி வரி வருவாய் கைவிடப்படுவதாக நிதியமைச்சர் தெரிவித்தார். புதிய வரிமுறையில் 7 லட்சம் ரூபாய் வரை ஏற்கெனவே வரி இல்லாதிருந்ததால், இந்த முடிவின் பயன் அதற்கு மேல் ஈட்டுவோருக்கே போனது.

பயனை அளந்து பார்த்த சில இடங்கள்

ஒரு செலவு யாருடைய வாழ்க்கையை மாற்றியது என்பதைத் தெரிந்துகொள்ள, அந்தச் செலவு இல்லாதிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று ஒப்பிட வேண்டும். பீகாரில் 2006-இல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவிகளுக்கு மிதிவண்டி வாங்கப் பணம் தரும் திட்டம் தொடங்கியது. அண்டை மாநிலமான ஜார்க்கண்டோடும், அதே பீகாரின் மாணவர்களோடும் ஒப்பிட்டு ஆராய்ந்த கார்த்திக் முரளிதரனும் நிஷீத் பிரகாஷும், உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் மாணவிகள் 32 விழுக்காடு கூடியதாகவும், ஆண் பெண் இடைவெளி 40 விழுக்காடு குறைந்ததாகவும் கண்டனர். பள்ளிக்கூடம் தொலைவில் இருந்த ஊர்களிலேயே பயன் மிகுதி. அதாவது, ஒரே மிதிவண்டி பள்ளிக்கு அருகில் இருந்த மாணவிக்கு ஒரு பொருளாகவும், தொலைவில் இருந்தவளுக்குப் படிப்பாகவும் ஆகியிருக்கிறது.

தமிழ்நாட்டின் பள்ளி உணவும் இப்படிப்பட்டதே. காமராசர் 1950-களில் தொடங்கியதை 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கியபோது, அரசின் பணம் வீணாகிறது என்ற எதிர்ப்பு கடுமையாக எழுந்தது. பின்னர் முட்டை சேர்ந்தது. 2022 செப்டம்பரில் காலை உணவும் சேர்ந்தது. இந்தச் செலவைப் பெறுபவர்களில் சமைக்கும் பெண்கள், முட்டையும் காய்கறியும் விற்பவர்கள், காலையில் அவசரமாக வேலைக்குச் செல்லும் தாய் ஆகியோரும் அடங்குவர். உச்ச நீதிமன்றம் 2001-இல் பிறப்பித்த உத்தரவைத் தொடர்ந்து சமைத்த மதிய உணவு நாடு முழுவதும் அரசுப் பள்ளிகளுக்கு வந்தது.

எல்லா ரூபாயும் முழுதாகப் போய்ச் சேர்வதில்லை என்பதும் உண்மை. அரசு அனுப்பும் ஒரு ரூபாயில் 15 காசுதான் மக்களை அடைகிறது என்று பிரதமராக இருந்த ராஜீவ் காந்தி 1985-இல் ஒடிசாவின் காளஹண்டியில் சொன்னது இன்றும் மேற்கோளாகப் பேசப்படுகிறது. எஞ்சிய 85 காசு முழுவதும் திருட்டு என்று அதைப் படிப்பது தவறு. அதில் ஊதியம், போக்குவரத்து, கிடங்கு வாடகை ஆகிய தவிர்க்க முடியாத செலவுகளும் உண்டு.

பணத்தைக் கட்டுவது யார்?

வரி செலுத்துவோர் என்றால் வருமான வரி செலுத்துவோர் என்று மட்டும் எண்ணும் பழக்கம் இந்த விவாதத்தைப் பெரிதும் திசைதிருப்புகிறது. பல்துலக்கும் பசைக்கும் கைப்பேசிக் கட்டணத்துக்கும் சரக்கு சேவை வரியைக் கூலித் தொழிலாளியும் கட்டுகிறார். அதை அவர் திரும்பப் பெறவும் முடியாது. தமிழ்நாட்டில் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்த வருவாய் 2023-24-இல் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. அதில் பெரும்பங்கு உழைக்கும் ஆண்களின் அன்றாடக் கூலியிலிருந்து வந்தது. மனைவியின் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் வரவாகும் வீட்டில், கணவரின் கையிலிருந்து அதைவிடக் கூடுதலாக அதே கருவூலத்துக்குப் போய்க்கொண்டிருக்கலாம். ஏழைகளுக்கு அரசு என்ன கொடுக்கிறது என்பதை மட்டும் கூட்டிவிட்டு, அவர்களிடமிருந்து என்ன எடுக்கிறது என்பதைக் கழிக்காமல் விட்டால் அந்தக் கணக்கு பாதிக் கணக்குதான்.

கடன் வாங்கிச் செலவழித்தால், கட்டுபவர் இன்னும் வாக்குரிமைகூடப் பெறாத தலைமுறையாக இருப்பார். 2021 ஆகஸ்ட்டில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, மாநிலத்தின் கடனைக் குடும்பங்களுக்குப் பிரித்தால் ஒரு குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் என்று சொன்னது. அந்தக் கடன் பள்ளிக்கட்டடமாகவும் பாசனக் கால்வாயாகவும் மாறியிருந்தால் அடுத்த தலைமுறை கடனோடு சொத்தையும் பெறும். அன்றாடச் செலவுக்கே கடன் வாங்கும் வருவாய்ப் பற்றாக்குறை நீடித்தால், கடன் மட்டுமே அவர்களிடம் போய்ச் சேரும்.

இவற்றைச் சரிபார்க்க விரும்புபவருக்கு ஆவணங்கள் கிடைக்கின்றன. சட்டமன்றத்தில் ஒவ்வொரு துறையும் தன் செலவுக்கு ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கையின்போதும் வெளியிடப்படும் கொள்கை விளக்கக் குறிப்பு தமிழிலேயே இருக்கிறது; திட்டவாரியான ஒதுக்கீட்டையும் பயனாளிகளின் எண்ணிக்கையையும் அதில் பார்க்கலாம். ஒதுக்கிய பணம் எப்படிச் செலவானது என்பதைக் கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கைகள் சொல்கின்றன. ஆனால், எந்த வருமானப் பிரிவுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதை அறிய, வீடுவீடாக எடுக்கப்படும் ஆய்வுகள் வேண்டும். 2011-12-க்குப் பிறகு 2017-18-இல் நடத்தப்பட்ட நுகர்வுச் செலவு ஆய்வை ஒன்றிய அரசு வெளியிடாமல் கைவிட்டது; 2022-23 ஆய்வுதான் அந்த இடைவெளியை முடித்துவைத்தது. அரிசி, மிதிவண்டி, மடிக்கணினி என இலவசமாகப் பெற்ற பொருள்களையும் அந்த ஆய்வு குடும்பங்களிடம் கேட்டுப் பதிவு செய்தது. 2021-இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027-க்குத் தள்ளிப்போயிருக்கிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி எத்தனை பேருக்கு ஒன்றியத் தொகுப்பிலிருந்து அரிசி என்பது 2011 கணக்கெடுப்பின் அடிப்படையில் வரையறுக்கப்பட்டதால், அதற்குப் பிறகு கூடிய மக்கள்தொகைக்கு அந்த ஒதுக்கீட்டில் இன்னும் இடம் தரப்படவில்லை.